போகவிட்ட பஸ்கள்

ஐம்பத்தொன்று.

யூஜினியா மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். பேனாவின் தலையை டக் டக்கென்று அழுத்தியபடியே இன்னொரு முறை. பிறகு செல்போன் கால்குலேட்டரில் ஒரு முறை. எப்படிக் கூட்டினாலும் ஐம்பத்தொன்றுதான் வந்தது.

வரவே கூடாத எண் அது.

காரைக்குடியின் பழைய பஸ் ஸ்டாண்டில், மாலை நாலரை முதல் ஆறரை வரை, ஒரு பெண் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் சராசரி நேரம் ஐம்பத்தொரு நிமிடம். போன வருடம் இதே மே மாதத்தில் இதே இடத்தில் அவள் எண்ணியபோது நாற்பத்து மூன்று. ஆண்களுக்கு வெறும் பதினான்கு. அந்த நாற்பத்து மூன்றைத்தான் கொட்டை எழுத்தில் போட்டு அறிக்கை எழுதினாள். அறிக்கை மேலே போனது, மேலேயிருந்து கீழே வந்தது, கடைசியில் மூன்று வழித்தடங்களில் மாலை நேரத்துக்கு மட்டும் ஒன்பது நடை கூடுதலாக விட்டார்கள். ஓர் ஆராய்ச்சிக்காரியின் காகிதத்தால் பஸ் ஓடுவது தினம் நடக்கிற காரியமா? பேப்பரில்கூடப் போட்டிருந்தார்கள்.

பஸ் கூடியிருக்கிறது. காத்திருப்பும் கூடியிருக்கிறது. அதெப்படி?

பதினாறு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. பொது இடத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எண்ணுவது. மதுரையில் படிக்கும்போது ஒரு பூங்காவில் தொடங்கியது. நூறு பேரில் பெண்கள் பதினோரு பேர். அந்தப் பதினொன்றில் ஏழு பேர் கையில் குழந்தை. அப்புறம் கடற்கரை, மார்க்கெட், ரயிலடி, கோயில் வாசல். கையில் படிவம் செருகிய அட்டை, கழுத்தில் ஸ்டாப் வாட்ச். ஒக்கூரில் ஓய்வுபெற்ற வாத்தியாரான அப்பா சேசுராஜிடம், "மக என்ன வேலை பாக்குது?" என்று யாராவது கேட்டால், "ஊர் ஊராப் போயி ஆள் எண்ணுது" என்பார். அதில் பெருமையும் இருக்கும், கொஞ்சம் கேலியும் இருக்கும்.

இப்போது முப்பத்தெட்டு வயதில் அவள் எதிர்பார்த்திருந்த ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்ட் சீரமைப்புக் குழுவின் முன்னால் 'பஸ் விட்டோம், காத்திருப்பு குறைந்தது' என்று காட்டிவிட்டால், இதே வேலை இன்னும் பத்து ஊர்களுக்கு விரியும். தலைமை அவள்தான். சென்னையில் அவளுடைய ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் கார்த்திகேய சிவம் உத்தரவைக்கூட அடித்து வைத்திருந்தார்.

இன்று புதன்.

அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நேரக்காப்பாளர் அழகுசுந்தரத்தின் தகரக் கூண்டுக்குப் போனாள்.

"அண்ணே, குன்றக்குடி பஸ் எல்லாம் டயத்துக்கு வருதா?"

"வருது மேடம். வந்து, நின்னு, சத்தம் குடுத்துட்டு, பாதி காலியாப் போகுது."

"காலியாவா? அங்க அத்தனை பேரு காத்துக்கிட்டு இருக்காங்களே!"

அழகுசுந்தரம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "மேடம் எதுவரைக்கும் படிச்சிருக்கீக?"

"பிஎச்.டி."

"அதான்."

"என்ன அதான்?"

"ஒண்ணுமில்ல. அந்த வேப்பமரத்தடி பெஞ்சுல போயி ஒரு மணி நேரம் உக்காருங்க. அந்த அட்டையை இங்கன வச்சிட்டுப் போங்க. அதைக் கண்டா ரேஷன் கார்டு சரிபாக்க வந்திருக்கீகன்னு நெனச்சு ஒருத்தியும் வாயைத் தொறக்க மாட்டா."

அட்டை இல்லாமல் நடந்தபோது கைகளை எங்கே வைப்பதென்றே அவளுக்குத் தெரியவில்லை. துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

வேப்பமரத்தடியில் நீளமான சிமெண்ட் பெஞ்சுகள். பத்துப் பதினைந்து பெண்கள். யூஜினியா உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருத்தி, தலைமுடியெல்லாம் தவிட்டுத் தூசி. புதுவயலில் ஏதோ ரைஸ் மில்லில் வேலை என்று கேட்காமலே தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தாள்.

குன்றக்குடி பஸ் வந்தது. "குன்றக்குடி, குன்றக்குடி! பொம்பளையாளுக எல்லாம் சீக்கிரம் ஏறுங்க!" என்று கண்டக்டர் கத்தினார். நாலைந்து பேர் ஏறினார்கள். பஸ் போய்விட்டது. பத்து நிமிடத்தில் இன்னொன்று. அதுவும் போனது.

"நீங்க எந்த ஊருக்குக்கா?" யூஜினியா கேட்டாள்.

"குன்றக்குடி."

"இப்பப் போன ரெண்டும் குன்றக்குடிதானே?"

"ஒரே கூட்டம்."

"ரெண்டாவது காலியால்ல போச்சு."

அந்தப் பெண் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எந்த ஊரு?"

"ஒக்கூர். இப்ப சென்னையில இருக்கேன்."

"சென்னையில கண்ணுல பட்ட பஸ்ஸுல எல்லாம் ஏறிருவீகளோ?"

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. யூஜினியா எட்டிப் பார்த்தாள். மாம்பழ நிறக் கண்டாங்கிச் சேலை, ஒரு காலை மடித்து பெஞ்சின் மேல் வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அறுபது வயதுப் பெண்மணி. எங்கோ பார்த்த முகம். அடுத்த நொடி தூக்கிவாரிப் போட்டது.

கண்ணம்மை ஆச்சி!

யூஜினியா தங்கியிருக்கும் பாரம்பரிய ஹோட்டல் இந்த ஆச்சியின் வீடு. மகன் ஏகப்பன் அந்தப் பெரிய வீட்டைப் பதினான்கு அறைகள் கொண்ட ஹோட்டலாக மாற்றி நடத்துகிறான். நான்கு நாட்களாகப் பட்டுச்சேலையும் வைரத்தோடுமாக வீட்டின் உள்முற்றமான வளவில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியைத்தான் அவள் பார்த்திருந்தாள்.

"ஆச்சி, நீங்களா? உங்க வீட்டுல ரெண்டு கார் நிக்குதே. நீங்க எந்த பஸ்ஸுக்கு..."

"எந்த பஸ்ஸுக்கும் இல்ல. யாரும் கேட்டா தேவகோட்டை பஸ்ஸுன்னு சொல்லுவேன்."

"ஆச்சி!" தவிட்டுத் தூசிக்காரி பதறினாள். "யாரு எவருன்னு தெரியாம பேசாதீக."

"எங்க வீட்டுல தங்கியிருக்க புள்ளதான்டி, கொப்பாத்தா. நல்ல புள்ள. ஆனா ஒரு எடத்துல நிக்காது. மாடியில காலையில இருந்து நடக்கும்." ஆச்சி யூஜினியா பக்கம் திரும்பினார். "எங்க வீட்டுல நூத்திப் பத்து ஜன்னலு. ஒவ்வொண்ணுலயும் ஒரு போட்டோக்காரன். எம்மகன் தங்கமானவன்தான். 'ஆத்தா, வெள்ளக்காரக வாராக, பட்டு கட்டிக்கிட்டு வளவுல சும்மா உக்காருங்க'ன்னு சொன்னான். அன்னையில இருந்து எனக்குச் சும்மா உக்காரவே முடியல. கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்குட்டு வந்துருவேன். இங்க என்னைய ஒரு பய பாக்க மாட்டான்."

கொப்பாத்தாளுக்கு இப்போது கொஞ்சம் தைரியம் வந்திருந்தது.

"ஆச்சிக்கு உக்காந்து உக்காந்து சலிப்பு. எனக்கு நின்னு நின்னு. காலையில எட்டு மணியில இருந்து மில்லுல நிப்பு. வீட்டுக்குப் போனா மாடு, உலை, மாமியா, அவரு, பத்து மணி வரைக்கும் நிப்பு. நடுவுல இந்த ஒரு மணி நேரந்தேன். ஏன் லேட்டுன்னு கேட்டா பஸ் வரலம்பேன். கவர்மெண்டு பஸ்ஸை யாரு சந்தேகப்படப் போறா?" பெருமூச்சு விட்டாள். "அதுலயும் மண்ணு விழுந்துருச்சு. எவளோ ஒருத்தி மெட்ராஸ்ல இருந்து வந்து எழுதிக் குடுத்து பஸ்ஸைக் கூட்டிவிட்டாளாம். அவரு பேப்பர்ல படிச்சிட்டு, 'அதான் நெறைய பஸ் விட்டாச்சாமே, நீ எங்க சுத்திட்டு வார?'ங்குறாரு. முன்ன ஒண்ணை விட்டா அடுத்தது எப்பவோன்னு கூட்டத்துல தொங்கிக்கிட்டாவது போனோம். இப்ப அடுத்தது எடத்தோட வரும்னு கூடக் கொஞ்சம் உக்காந்துர்றோம், ஏறாம இருக்கப் பயமாவும் இருக்கு. அந்தச் சிறுக்கி மட்டும் என் கையில சிக்கட்டும்!"

யூஜினியாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஸ்டாப் வாட்ச் தொங்கிக்கொண்டிருந்தது. துப்பட்டாவால் மூடினாள்.

ஆச்சி அதைப் பார்த்துவிட்டார். "சிக்குனா என்னடி செய்வ?"

"மில்லுக்குக் கூட்டிப்போயி ஒரு நாளு முழுக்க நிக்க வைப்பேன்."

"நிக்க வச்சா அந்தப் புள்ள தாங்காதுடி."

யூஜினியாவால் அதற்கு மேல் முடியவில்லை. "அது நான்தான்கா" என்றாள்.

கொப்பாத்தா நீட்டியிருந்த காலை மடக்கினாள். மூன்றாவது குன்றக்குடி பஸ் வந்து நின்றது. இந்த முறை கொப்பாத்தா அதை ஏக்கமாகப் பார்த்தாள், ஏறிப் போய்விடலாமா என்பதுபோல.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றாள் யூஜினியா. சொல்லாமலிருந்தால் இன்னும் மோசம். "வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கு. இந்த பெஞ்சையெல்லாம் எடுத்துட்டு எட்டுக் கடை கட்டப்போறாங்க."

"யாரு சொல்லி?"

"நான் எழுதினதை வச்சுத்தான்."

அறிக்கையின் முப்பத்தேழாம் பக்கம். 'காத்திருப்பு நேரம் குறையும்போது இருக்கைகளின் தேவையும் குறையும். அந்த இடத்தை வேறு பயன்பாட்டுக்குத் தரலாம்.' ஏதோ ஒரு வேகத்தில் எழுதிய இரண்டு வரி. குழு மற்ற எண்பது பக்கங்களையும் விட்டுவிட்டு அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டது. கடைகளின் வரைபடம் தயார். காத்திருப்பு குறைந்துவிட்டது என்று அவள் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"நான் உள்ளதைச் சொல்லிடறேன்கா. பெண்களுக்கு உட்கார வேற இடமே இல்லை, அதனாலதான் இங்க உட்காருறாங்கன்னு எடுத்துச் சொன்னா..."

கொப்பாத்தா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மூட்டை தூக்கிப் பழகிய பிடி.

"உள்ளதா? உள்ளதைச் சொன்னா மறுநா பேப்பர்ல வரும். பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நடிக்கிறாளுகன்னு போடுவான். அவரு படிப்பாரு. இவ வீட்டுல படிப்பாக, அந்தா இருக்காளே, அவ வீட்டுல படிப்பாக. அப்பறம் பெஞ்சு இருந்து என்ன, யாரு வந்து உக்கார? என்னத்தையாவது சொல்லிக்கோங்க. உள்ளதை மட்டும் சொல்லிராதீக."

சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். நான்காவது.

கூண்டுக்குத் திரும்பிய யூஜினியா தன் அட்டையை எடுத்தாள். படிவத்தில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். எதிர்ப்புற டீக்கடையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கு அவள் ஒரு கட்டம் போட்டிருந்தாள்: 'ஓய்வு, அரட்டை.' பெண்கள் பக்கத்தைத் திருப்பினாள். 'பயணக் காத்திருப்பு.' 'பொருள் வாங்குதல்.' 'குழந்தை அல்லது முதியவருக்குத் துணை.' அவ்வளவுதான். பெண் சும்மா உட்கார்ந்திருக்க ஒரு கட்டம் இல்லை. அந்தப் படிவத்தை வரைந்தது எந்த ஆணும் இல்லை. அவளேதான். பதினாறு வருடமாகப் பெண்களின் சமத்துவம் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவள்.

"என்ன மேடம், விடை கெடச்சிருச்சா?" என்றார் அழகுசுந்தரம்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமாண்ணே?"

"எங்க வீட்டுக்காரி அந்த மூணாவது பெஞ்சுலதான் இருப்பா. நான் பாக்காத மாதிரி அவளும் இருப்பா, அவ இல்லாத மாதிரி நானும் இருப்பேன்."

வியாழக்கிழமை காலை கார்த்திகேய சிவம் கூப்பிட்டார். யூஜினியா ஹோட்டல் மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடியே பேசினாள்.

"ஐம்பத்தொண்ணா? சரி, பதறாதீங்க" என்றார். அவர் எதற்கும் பதறாதவர். "பெண் வந்து உட்கார்ந்ததுல இருந்து அவங்க ஏறுற பஸ் வரைக்கும் எண்ணியிருக்கீங்க. இல்லையா? காத்திருப்புன்னா முதல் பஸ் வர்ற வரைக்கும்தான். அதுல ஏறலைன்னா அது அவங்க விருப்பம். முதல் பஸ் வரைக்கும் கணக்குப் பண்ணுங்க, எவ்வளவு வருது?"

அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். "ஒன்பது நிமிஷம்."

"நாற்பத்து மூணுல இருந்து ஒன்பது! இதுல ஒரு பொய் இல்லையே யூஜினியா. எல்லா ஊர்லயும் இப்படித்தான் எண்ணுறாங்க. நாளைக்கு இதைச் சொல்லுங்க, பத்து ஊரும் உங்க கையில."

அவர் சொன்னது சரிதான். அதுதான் அவளை வதைத்தது. ஒன்பது என்பது பொய்யில்லை. ஆனால் ஒன்பது என்று சொன்ன மறுநாள் பெஞ்சுகளை உடைப்பார்கள். ஐம்பத்தொன்று என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் பெஞ்சு இருக்கும், உட்கார ஆள் இருக்காது.

மாடியிலிருந்து கீழே பார்த்தாள். வளவில் ஆச்சி பட்டுச்சேலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் தூணோரம் மண்டியிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆச்சி தலையைத் தூக்கி ஒரு முறை அவளைப் பார்த்தார். தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மதியம் யூஜினியா மடிக்கணினியைத் திறந்தாள். போட்டிருந்த ஸ்லைடுகளைத் திருத்தினாள், அழித்தாள், மறுபடி பழையபடி போட்டாள். மாலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. நீளமான மேஜை, உளுந்து வடை, சூடு ஆறிய காபி. குழுவில் பதினான்கு பேரும் ஆண்கள். குறிப்பெடுக்க மட்டும் ஒரு பெண். தலைவர் ஜான் பீட்டர், நடுவில். வியாபாரிகள் சார்பில் ஏகப்பன், முன்வரிசையில். அவளைப் பார்த்து நட்பாகத் தலையாட்டினான். பின்னால் ஒரு பத்திரிகை நிருபர். சென்னையிலிருந்து வந்திருந்த கார்த்திகேய சிவமே ஸ்லைடுகளை நகர்த்தும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

முதல் ஐந்து ஸ்லைடுகள் நல்லபடியாகப் போயின. ஆறாவது வந்ததும் யூஜினியா பாதிப் பேச்சில் நிறுத்தினாள்.

வேப்பமரத்தடி பெஞ்சு. திங்கட்கிழமை எதுவும் தெரியாமல் அவளே எடுத்து அனுப்பிய படம். அவர் எப்போதோ சேர்த்திருக்கிறார். முகங்களை மங்கலாக்கியிருந்தார்கள். முகத்தை மங்கலாக்கி என்ன? அதே மாம்பழ நிறச் சேலை பளிச்சென்று தெரிந்தது. பெஞ்சின் மேல் மடித்து வைத்த கால் தெரிந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்ட கைகள் தெரிந்தன. தாய் உட்காரும் விதம் மகனுக்குத் தெரியாதா?

ஏகப்பன் வடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தான்.

யூஜினியா இரண்டே எட்டில் திரைக்கு முன்னால் போய் நின்றாள். புரொஜெக்டர் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வேப்பமரமும் பெஞ்சும் அவளுடைய வெள்ளைக் குர்தாவின் மேல் விழுந்து நெளிந்தன.

"யூஜினியா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது" என்றார் கார்த்திகேய சிவம்.

"இந்தப் படம் தேவையில்லை சார். அணைச்சிடுங்க. நான் ஒரு திருத்தம் சொல்லணும்."

"அடுத்த ஸ்லைடுல..."

"ஸ்லைடுல இல்லை சார்."

அவள் நகரவில்லை. வேறு வழியில்லாமல் அவர் அணைத்தார். அறை சட்டென்று மங்கியது.

"போன வருஷம் நான் குடுத்த நாற்பத்து மூணு நிமிஷம்ங்கிற எண் தப்பு" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "அவங்க உட்கார்ந்ததுல இருந்து ஏறினது வரைக்கும் எண்ணினேன். நடுவுல எத்தனை பஸ் போச்சுன்னு எண்ணல. இந்த வருஷம் வேற மாதிரி எண்ணினா ஒன்பது நிமிஷம் வருது. அதை இதோட ஒப்பிட முடியாது. ரெண்டையும் வச்சு எந்த முடிவும் எடுக்கக்கூடாது. முப்பத்தேழாம் பக்கத்துல இருக்கைகளைப் பத்தி நான் எழுதினதுக்கு ஆதாரம் கிடையாது. அதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

இரண்டு மூன்று பேர் அந்தப் பக்கத்தைத் தேடிப் புரட்டினார்கள்.

"அப்ப விட்ட பஸ்ஸெல்லாம் வீணா?" ஜான் பீட்டர் நிமிர்ந்தார்.

"இல்லை சார். பெண்களுக்கான இலவச டிக்கெட் அந்த மூணு வழித்தடத்துல கூடியிருக்கு. டிப்போவுல வாங்கின தாள் இது. தொங்கிக்கிட்டுப் போனவங்க இப்ப உட்கார்ந்து போறாங்க. பஸ் இருக்கணும்."

"இதெல்லாம் சரிம்மா" என்றார் மேஜைக் கோடியிலிருந்த ஒருவர். "வர்ற பஸ்ஸுல ஏறாம அந்தப் பொம்பளையக அங்க என்னதான் பண்றாக?"

நிருபர் பேனாவைத் திறந்தார். ஏகப்பன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பதினாறு வருடத்தில் எத்தனை கூட்டம், எத்தனை கேள்வி. தெரிந்த பதிலைத் தெரியாது என்று ஒரு முறைகூட அவள் சொன்னதில்லை.

"தெரியாது சார். நான் கேட்கல."

"கேக்காம ஒரு வருஷமா என்னம்மா ஆராய்ச்சி பண்ணுனீக?"

யாரோ சிரித்தார்கள். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். யூஜினியா டிப்போ தாளை மேஜையில் வைத்தாள்.

கடைசியில் ஜான் பீட்டர் சொன்னதுதான் முடிவு. புதிதாக எண்ணும்வரை இருக்கைகளில் கை வைப்பதில்லை. பஸ்கள் அப்படியே ஓடட்டும். கடை வரைபடம் நிலுவையில். எண்ணுவதற்கு வேறு யாரையாவது பார்க்கலாம்.

வெளியே வராந்தாவில் கார்த்திகேய சிவம் அவளுக்காக நின்றார். கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"அவங்க ஏன் ஏறலைன்னு உங்களுக்குத் தெரியும். தெரியும்தானே?"

"தெரியாது சார்."

"தன் எண்ணைத் தானே தப்புன்னு சொல்றவங்களோட அடுத்த எண்ணை யார் நம்புவாங்க? பத்து ஊருக்கும் நான் வேற ஆள் பார்த்துக்கறேன். நீங்க சென்னைக்கு வாங்க, பேசலாம்."

பேச என்ன இருக்கிறது என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

மாலை ஐந்தே காலுக்கு ஏகப்பனே காரை எடுத்தான். "டிரைவர் லீவு மேடம். ஸ்டேஷனுக்கு நானே விட்டுர்றேன்."

காலைக் கூட்டத்தைப் பற்றி அவன் ஒன்றும் பேசவில்லை. யூஜினியா அவன் முகத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பார்த்தானா, பார்க்கவில்லையா? பஸ் ஸ்டாண்ட் வழியாகத்தான் போகப்போகிறான் என்பது தெரிந்ததும், "வேற வழியில போலாமா? ட்ரெயினுக்கு நேரமாச்சு" என்றாள்.

"இன்னும் ஒன்றரை மணி நேரம் கெடக்கு மேடம்."

பஸ் ஸ்டாண்ட் வாசலில் புதுவயல் நெல் லாரி ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. கார் நின்றது. ஏகப்பன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பினான்.

"அட, ஆத்தா!"

வேப்பமரத்தடியில் கண்ணம்மை ஆச்சி. பக்கத்தில் கொப்பாத்தா.

"ரெண்டு காரை வீட்டுல வச்சுக்கிட்டு ஆத்தா பஸ்ஸுக்கு நிக்கிறாக பாருங்க. ஒரு போன் பண்ணியிருக்கக்கூடாது? ஏத்திக்கிட்டுப் போயிருவோம்." காரை ஓரங்கட்டினான். கை கதவுக்குப் போனது.

"இறங்காதீங்க!"

அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஏகப்பன் திகைத்துப் போனான்.

"ஏன் மேடம்?"

பதினான்கு பேருக்குச் சொல்லாத பதில். இவனுக்கு மட்டும் எப்படிச் சொல்வது? அவளுடைய வேலை போனதே இதைச் சொல்லாமலிருக்கத்தானே?

"ஒரு பஸ் வரட்டும். அப்புறம் இறங்குங்க."

தேவகோட்டை பஸ் வந்தது. ஆச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் போனது.

"தேவகோட்டைக்கு இல்ல போலருக்கு" என்றான் ஏகப்பன்.

குன்றக்குடி பஸ் வந்தது, போனது. திருப்பத்தூர் பஸ் வந்தது, போனது. ஏகப்பனின் கை எப்போது கதவிலிருந்து இறங்கியது என்று யூஜினியா கவனிக்கவில்லை. பெஞ்சில் கொப்பாத்தா ஒரு வெள்ளரிப்பிஞ்சை முறித்து மிளகாய்ப்பொடியில் தொட்டு நீட்டினாள். ஆச்சி வாங்கிக் கடித்தார். கொப்பாத்தா ஏதோ சொன்னாள். ஆச்சி வாய்விட்டுச் சிரித்து, அவள் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"ஆத்தா சிரிக்கிறாக" என்றான் அவன், அவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வதுபோல.

யூஜினியா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில அந்தப் படத்துக்குக் குறுக்க வந்து நின்னீக" என்றான் சற்றுப் பொறுத்து.

அவள் மடியிலிருந்த பையின் வாரை இழுத்து இறுக்கினாள்.

"ஆத்தாளுக்குன்னு தனியா ஒரு டிரைவரைப் போட்டுட்டா..." தொடங்கியவன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். ஸ்டியரிங்கில் விரல்களால் தட்டினான். நிறுத்தினான். மறுபடி தட்டினான். "நான் வளவுல உக்காரச் சொன்னது அவுகளுக்குப் பெருமையா இருக்கும்னுதான் மேடம்."

"தெரியும்."

இன்னொரு குன்றக்குடி பஸ். கொப்பாத்தா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள், ஏறிப் போனாள். ஆச்சி மட்டும் அந்த வெள்ளரிப்பிஞ்சை மெல்ல மெல்லக் கடித்தபடி காலை மடித்து வைத்துக்கொண்டார். லாரி எப்போதோ திரும்பிப் போயிருந்தது. நேரே போனால் பெஞ்சுக்கு முன்னால்தான் போக வேண்டும். ஊரே அறிந்த வெள்ளைக் கார். ஆச்சி தலையைத் தூக்கினால் போதும்.

நாளைக்கு இவன் என்ன செய்வான்? டிரைவரைப் போடுவானா, கேள்வி கேட்பானா, வீட்டில் ஓர் அறையின் கதவை ஆத்தாளுக்கென்று சாத்திக் கொடுப்பானா? யூஜினியாவுக்குத் தெரியவில்லை. நாளைக்குத் தான் என்ன செய்யப்போகிறோம் என்பதுகூடத் தெரியவில்லை.

ஏகப்பன் ரிவர்ஸ் கியரைப் போட்டான்.

"அங்குட்டுச் சுத்திப் போவோம் மேடம். கொஞ்சம் லேட்டாகும்."

"ஆகட்டும்."

பின்னால் நின்ற ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "யோவ், கண்ணு தெரியலயா?" என்று கத்தினார். ஏகப்பன் மன்னிப்புக் கேட்பதுபோல் கையை மட்டும் தூக்கிக் காட்டினான். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, அடி அடியாகப் பின்னால் வந்தான். தெரு திரும்பும் வரைக்கும் ஒரு முறைகூட ஹாரன் அடிக்கவில்லை.